பாறை யார் கணக்கில்?

தலவாக்கலை டவுனில் நின்று பார்த்தால் மேல் கொத்மலை அணை அப்படியொன்றும் பெரிதாகத் தெரியாது. உயரம் 35.5 மீற்றர், நீளம் 180 மீற்றர். விக்டோரியாவையும் கீழே இருக்கிற பழைய கொத்மலையையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 'இவ்வளவுதானா?' என்று கேட்பதுண்டு. தேங்கி நிற்கிற தண்ணீரில் பாவிக்கக்கூடியதும் சொற்பம்தான்; 0.8 மில்லியன் கன மீற்றர். அடைமழை பெய்கிற ஒரே இரவில் நிரம்பிவிடும், வான்கதவைத் திறக்கப் போவதாகச் சைரன் ஊதும். திட்டத்தின் உடம்பு வெளியில் இல்லை. ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கமாக அது மலைக்குள்ளே போகிறது, நியங்கம்தொரவில் பூமிக்கடியில் இருக்கும் 150 மெகாவாட் மின்நிலையத்தில் முடிகிறது. 2002இல் ஜப்பான் கடனுக்குக் கையெழுத்தானது. உரிமையாளர் இலங்கை மின்சார சபை, ஆலோசகர் நிப்பொன் கோய், பிரதான கட்டுமான வேலை மயேதா நிறுவனத்துக்கு. சுமார் 500 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சென் கிளயர் அருவி என்னாகும் என்று வருடக்கணக்காகச் சண்டை நடந்தது. 2012 ஜூலையில் திறந்துவைத்தார்கள்.

அருவியைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நான் எழுத நினைப்பது அந்தச் சுரங்கம் மாதிரியான வேலைக்குக் காசு கொடுக்கும் முறையைப் பற்றி. மலைக்குள் என்ன இருக்கிறது என்று வெளியில் இருந்து யாரும் சொல்லிவிட முடியாது. பத்து இடத்தில் துளை போட்டு மாதிரி எடுத்தால் அந்தப் பத்துத் துளையின் செய்திதான் கையில் இருக்கும். இரண்டு துளைக்கு நடுவே கெட்டிப் பாறை நொறுங்கிக் கிடக்கலாம், ஊற்று உடைத்துக்கொண்டு வரலாம். அந்த நொறுங்கிய பாறை யார் கணக்கில்? கட்டச் சொன்னவர் கணக்கிலா, கட்டுகிறவர் கணக்கிலா?

நமக்குப் பழக்கமான கொந்தராத்து மூன்று மாதிரி. 'மொத்தமாக இவ்வளவு' என்று பேசிக் கொடுப்பது ஒன்று. இதில் பாறை கட்டுகிறவர் கணக்கில் விழும். அவரும் சும்மா ஏற்றுக்கொள்ள மாட்டார், தன் பயத்துக்கும் ஒரு விலை போட்டுத்தான் தொகை சொல்வார். பாறை வராமல் போனாலும் அந்தப் பயத்தின் விலையை நாம் கட்டியாக வேண்டும். இரண்டாவது, அளந்து கொடுப்பது: பி.ஓ.க்யூ.வில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை, செய்த அளவுக்குக் காசு. நம் அரசாங்க வேலைகளில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. இதில் கெட்டிக்காரத்தனம் முழுக்க விலை நிரப்புவதில் இருக்கிறது. கூடப் போகிற ஐட்டத்துக்கு விலையை ஏற்று, குறையப் போகிற ஐட்டத்துக்கு இறக்கு, மொத்தத்தைக் குறைத்துக் காட்டி வேலையைப் பிடி, பிறகு கிளெய்ம் எழுது. மூன்றாவது, ஆன செலவையும் அதன்மேல் ஒரு கூலியையும் கொடுப்பது. அவசரத்துக்கு நல்லது. ஆனால் வேலை இழுக்க இழுக்க யாருக்கு இலாபம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இலக்குச் செலவு ஒப்பந்தம் இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு பாதை தேடுகிறது. தோட்டப் பாதை ஓரத்தில் ஒரு தாங்குசுவர் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தரப்பும் கூட உட்கார்ந்து கணக்குப் பார்த்து, கட்டுகிறவரின் கூலியும் சேர்த்து ஒரு கோடி ரூபா என்று இலக்கு வைக்கிறார்கள். வேலை நடக்கும்போது ஆன செலவு அப்படியே கொடுக்கப்படுகிறது, பில்லைக் காட்டி. கடைசியில் 90 இலட்சத்தில் முடிந்தால் மிச்சம் 10 இலட்சம். பாதிப் பாதி என்று பேசியிருந்தால் கட்டினவர் கைக்கு 95 இலட்சம் போகும். நடுவில் பாறை வந்து 112 இலட்சம் ஆகிவிட்டால் மிகை 12 இலட்சம், அதில் 6 இலட்சம் அவர் தலையில். கைக்குப் போவது 106 இலட்சம். மிச்சத்திலும் பங்கு, மிகையிலும் பங்கு. கணக்கு இவ்வளவுதான், எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

பிரிட்டனின் சிவில் பொறியியலாளர் நிறுவனம் 1993இல் முதற்பதிப்பாக வெளியிட்ட என்.இ.சி. ஒப்பந்தத் தொகுதி இதைச் சி, டி என்ற இரண்டு தெரிவுகளில் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது. 2012 இலண்டன் ஒலிம்பிக் வேலைகளிலும் ஹொங்கொங் வடிகால் வேலைகளிலும் சி தெரிவைப் பாவித்திருக்கிறார்கள். நம் நாட்டில் கட்டுமான வகுப்பறைகளில் பேசப்படுகிற அளவுக்கு இது களத்துக்கு வரவில்லை. வந்தால் வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் பங்கு வீதத்தைப் பற்றியே பேசுகிறார்கள்: 50:50ஆ, 60:40ஆ? என் அபிப்பிராயத்தில் அது கடைசியாகப் பேச வேண்டிய விஷயம். இலக்கை யார் வைத்தார்கள், கணக்கை யார் பார்க்கிறார்கள், நிலைமை மாறினால் இலக்கு நகருமா? இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இல்லை என்றால் பங்கு வீதம் என்னவாக இருந்தாலும் ஒன்றுதான்.

இதை ஐரோப்பாவில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. தலவாக்கலையைச் சுற்றி இருக்கிற எந்த மலையிலும் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் போய் நின்றால் தெரியும். நாளுக்கு இத்தனை கிலோ என்று ஓர் இலக்கு இருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் 16, 18, 20 என்று மாறும். அதை எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். கூடினால் கூடின கிலோவுக்குத் தனிக் காசு. கட்டமைப்பைப் பார்த்தால் இதுவும் ஓர் இலக்கு ஒப்பந்தம்தான். ஆனால் யார் வைத்த இலக்கு? கொழுந்து விளைச்சல் மாதத்துக்கு மாதம் மாறும். ஊரின் ஒரு பக்கத்திலேயே, சென் கூம்ஸில், தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செடி எந்தக் காலத்தில் எப்படித் துளிர்க்கும் என்று பரம்பரை பரம்பரையாக அளந்துகொண்டிருக்கிறார்கள். ஜனவரிப் பனியில் கருகின மலையும் ஏப்ரல் மழைக்குத் துளிர்த்த மலையும் ஒன்றல்ல என்பது தெரியாத ரகசியமில்லை. காடாகிப்போன மலையில் அதே 18 கிலோவைக் கேட்கும்போது இலக்கு நகரவில்லை என்று அர்த்தம். தராசில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கிறார்கள். கழிக்கிற கணக்கைப் பார்க்க எடுத்தவருக்கு வழியில்லை. கணக்குத் திறந்து இல்லை என்று அர்த்தம்.

தோட்டத் தொழிலாளர் சம்பளத்துக்கான 2016ஆம் ஆண்டு கூட்டு ஒப்பந்தம் நாளுக்கு 730 ரூபா என்றது. அதைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140, விலைப் பங்கு என்ற பெயரில் 30. பெயர்தான் பங்கு. ஏலத்தில் தேயிலை என்ன விலைக்குப் போனாலும் 30 ரூபா 30 ரூபாவாகவே இருந்தது. அந்த 140 ரூபா இலக்கைத் தொட்டவருக்குத்தான். அடுத்த ஒப்பந்தத்தில், 2019இல், இந்தப் பிரிப்புகளில் பெரும்பகுதி போய் 700 அடிப்படையும் 50 விலைப் பங்கும் மிஞ்சின. தொழிலாளர்கள் பல வருடமாகக் கேட்டதும் அதைத்தான்: துண்டு துண்டாக வேண்டாம், அடிப்படையில் சேர். சோம்பேறித்தனத்தால் கேட்டதாகத் தோட்டத் துரைமார் தரப்பில் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் வைக்காத இலக்கு, தான் பார்க்க முடியாத தராசு, தனக்காக நகராத கணக்கு: இப்படிப்பட்ட இடத்தில் 'பங்கு' என்ற சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள். கட்டுமானத்திலும் மனிதர்கள் அதே மனிதர்கள்தான்.

இனி பெரிய உதாரணத்துக்கு வருவோம். இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலுக்கடியில் இணைக்கிற சனல் சுரங்கத்தின் ஒப்பந்தம் 1986 ஓகஸ்டில் கையெழுத்தானது. உரிமையாளர் யூரோடனல், கட்டுகிறவர் பத்துக் கம்பனிகள் சேர்ந்த டி.எம்.எல். கரையில் வரும் நிலையங்களுக்கும் பொருத்தும் உபகரணங்களுக்கும் மொத்தத் தொகை. தோண்டுகிற வேலைக்கு மட்டும் இலக்குச் செலவு. கடலுக்கடியில் என்ன கிடைக்கும் என்று தெரியாதே. மிச்சம் வந்தால் கட்டுகிறவருக்குப் பாதி. மிகை வந்தால் அதில் 30 வீதம் அவர் ஏற்க வேண்டும். ஆனால் அவர் ஏற்கும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு: இலக்கின் 6 வீதம்.

இந்த எண்களை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மிகையில் 30 வீதம் எப்போது இலக்கின் 6 வீதத்தைத் தொடும்? செலவு இலக்கைவிட 20 வீதம் கூடும்போது. அதுவரை கட்டுகிறவருக்கு வலிக்கும். 21ஆவது வீதத்தில் இருந்து ஒரு சதமும் வலிக்காது. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஒப்பந்தம் சத்தமில்லாமல் 'ஆன செலவைக் கொடு' என்ற மூன்றாவது ரகமாக மாறிவிடுகிறது. இங்கிலாந்துப் பக்கத்தில் நல்ல சுண்ணக்களி மண் என்று நம்பித் தோண்டினார்கள். தொடக்கத்திலேயே பிளவுகளில் இருந்து உப்புத் தண்ணீர் வந்து இயந்திரத்தை நிறுத்தியது. செலவு ஏறியது, வழக்கும் பேரமும் ஏறின. 1994 மே மாதம் திறந்தபோது கட்டுமானச் செலவு முதல் மதிப்பீட்டைவிட ஏறத்தாழ 80 வீதம் கூடியிருந்தது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த இலக்கை வைத்தது யார்? 1985இல் சுரங்கத் திட்டத்தை அரசாங்கங்களிடம் முன்வைத்ததே அந்தப் பத்துக் கம்பனிகளும் சில வங்கிகளும்தான். வேலை கிடைத்ததும் உரிமையாளர் ஒரு பக்கம், கட்டுகிறவர் ஒரு பக்கம் என்று பிரிந்தார்கள். ஆக, எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து 'இந்த விலை சரியா?' என்று கேட்கத் தனியாக ஓர் உரிமையாளரே அப்போது பலமாக இருக்கவில்லை. நம் மலையில் துரை ஒருவராக இலக்கு வைக்கிறார். அங்கே கட்டுகிறவர் ஒருவராக வைத்தார். திசைதான் வேறு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், 1990களில் வட கடலில் பி.பி. நிறுவனம் செய்த ஆண்ட்ரூ எண்ணெய் வயல் வேலையைச் சொல்வார்கள். ஒப்பந்தக்காரர்களும் பி.பி.யும் சேர்ந்தே 373 மில்லியன் பவுண் என்று இலக்கு வைத்தார்கள். சுமார் 290 மில்லியனில், குறித்த காலத்துக்கு முன்பாகவே முடித்தார்கள். ஒருவர் தவறினால் எல்லோர் பங்கும் குறையும் என்ற கட்டு இருந்ததால், ஒருவர் வேலையில் இன்னொருவர் கை கொடுத்தார்கள். கடல்மேடை தரையில் கட்டிக் கொண்டுபோய் வைக்கிற பொருள், மலைக்குள் தோண்டுவது போல் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஆன செலவைக் கொடுப்பது என்றால் எது 'ஆன செலவு'? தாங்குசுவர் வேலைக்கே திரும்பிப் போவோம். கொந்தராத்துக்காரர் தன் சொந்த பெக்கோ இயந்திரத்தையே வேலைக்கு இறக்குகிறார். மணித்தியாலத்துக்கு என்ன வாடகை போடுவது? சந்தை வாடகையா, அதன் டீசலும் டிரைவரும் தேய்மானமும் மட்டுமா? நான்கு மூட்டை சீமெந்து மழையில் நனைந்து இறுகிப்போனது. அது செலவா, கவனக்குறைவா? மேசன் பாஸ் ஒருவர் கட்டின கட்டு தூக்குநூலுக்கு நிற்கவில்லை, உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். இரண்டாவது கட்டுக்குக் காசு உண்டா? நல்ல ஒப்பந்தம் இதையெல்லாம் முதலிலேயே இரண்டு பட்டியலாகப் பிரித்து எழுதிவைக்கும்: ஏற்கிற செலவு, ஏற்காத செலவு. அப்படி எழுதாத இடத்தில் மாதக் கடைசியில் பில்லைப் பார்க்கிற கியூ.எஸ்., அதாவது வேலையை அளந்து விலை கணக்கிடுகிறவர், நீதவானாகிவிடுகிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு மேசன் பாஸிடம் இந்த முறையை விளக்கிக்கொண்டிருந்தேன். எழுபதை நெருங்குகிறார், கருங்கல் கட்டில் கைதேர்ந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. ஆனா நம்ம ஆளுங்கக்கிட்ட ரெண்டு கொப்பி இருக்கும். ஒன்னு காட்றதுக்கு, ஒன்னு பாக்குறதுக்கு. நீங்க எந்தக் கொப்பிய கேப்பீங்க?"

பதில் சொல்லத் தெரியாமல் சிரித்தேன். ஆனால் அது சிரிக்கிற கேள்வி இல்லை. திறந்த கணக்கு என்பது கொப்பியைக் கேட்டு வாங்குவதில் முடிவதில்லை. ஒரே கொப்பி வைத்தால் நட்டமில்லை என்ற நிலைமை வேண்டும். 'இத்தனை வீதம் உன் இலாபம், அதை நாங்கள் கொடுக்கிறோம், ஒளிக்கத் தேவையில்லை' என்று முதலிலேயே ஒப்புக்கொள்வது அதன் முதல் படி. இலாபம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற அலுவலகங்களுக்கு இந்தப் படி செங்குத்தானது.

மூன்றாவது, நகர்கிற இலக்கு. 2022ஐ மறந்திருக்க மாட்டோம். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது, மே மாதம் 360. ஆயிரம் ரூபாவைச் சுற்றி விற்ற சீமெந்து மூட்டை சில மாதங்களில் மூவாயிரத்தை நெருங்கியது. நிலையான தொகைக்கு எடுத்த வேலைகள் நாடு முழுக்க நின்றன. இந்திய உதவியில் மலையகத்தில் கட்டத் தொடங்கிய வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 4,000 வீடுகள். பிறகு 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் மோடி அறிவித்த இன்னும் 10,000. முதற்கட்டத்தில் வீட்டுக்குப் பத்து இலட்சம் ரூபா அளவில் இருந்த தொகை, 10,000 வீட்டுக் கட்டம் 2024இல் தொடங்கியபோது 28 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஏழு பேர்ச் நிலமும் வீட்டின் வரைபடமும் பெரிதாக மாறவில்லை, காசின் பெறுமதிதான் மாறியது. அதை ஒப்புக்கொள்ள இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

விலை ஏற்றத்துக்கு நம்மிடம் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. முன்பு இக்டாட் என்றும் 2014 சட்டத்துக்குப் பிறகு சீடா என்றும் அழைக்கப்படும் கட்டுமான அதிகார சபை மாதாமாதம் விலைச் சுட்டெண் வெளியிடுகிறது, சூத்திரப்படி பில்லைத் திருத்தலாம். சூத்திரம் சீமெந்தின் விலையை அறியும். பாறையை அறியாது. இலக்குச் செலவு ஒப்பந்தத்தில் இலக்கை நகர்த்தும் நிகழ்வுகள் எவை என்று எழுதிவைப்பதுதான் உயிர்நாடி: உரிமையாளர் வரைபடத்தை மாற்றினால் நகரும், எதிர்பார்த்திருக்க முடியாத நிலம் வந்தால் நகரும், கட்டுகிறவரின் பிழைக்கு நகராது. எல்லாவற்றுக்கும் நகர்த்தினால் இலக்கு என்று ஒன்று இல்லை. எதற்குமே நகர்த்தாவிட்டால் அது 18 கிலோ கதை.

நிலத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு நீர்த் திட்டங்களைச் சொல்லாமல் போக முடியாது. சமனலவெவவில் 1992இல் நீர் நிரப்பும்போது வலது கரை மலைக்குள்ளால் கசிவு வெடித்து வெளிவந்தது. சுண்ணாம்புப் பாறையின் வேலை. அந்தக் கசிவு முழுசாக அடைபடவில்லை, இன்று கல்தோட்டை வயல்களுக்கு அதே தண்ணீர் பாய்கிறது. உமா ஓயாவில் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் ஊற்று உடைத்தது. ஈரானிய பராப் நிறுவனம் வடிவமைப்பில் இருந்து கட்டி ஒப்படைப்பது வரை மொத்தமாக எடுத்த வேலை. தாளில் பார்த்தால் சுரங்கத்தின் ஆபத்தில் பெரும்பகுதி கட்டுகிறவர் பக்கம். ஆனால் கிணறு வற்றியதும் சுவர் வெடித்ததும் பண்டாரவளைச் சனங்களுக்கு. 2008இல் ஒப்பந்தமான 120 மெகாவாட் திட்டம் 2024 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. ஆபத்தைத் தாளில் யார் பக்கம் தள்ளினாலும் தண்ணீர் தாளைப் படித்துவிட்டு வருவதில்லை.

இலக்கு முறையில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விதி இங்கேதான் உதவும். முன்னெச்சரிக்கை: செலவோ காலமோ கூடலாம் என்று எந்தப் பக்கத்துக்காரர் முதலில் உணர்ந்தாலும் உடனே எழுத்தில் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்திருந்து பிறகு காசு கேட்டால், முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அவ்வளவுதான் கிடைக்கும். மொத்தத் தொகைக் கொந்தராத்தில் கெட்ட செய்தி ஓர் ஆயுதம், கிளெய்ம் எழுதும் நாள்வரை பத்திரமாக வைத்திருப்பார்கள். பங்கு முறையில் கெட்ட செய்தி இரண்டு பேருக்கும் நட்டம், ஆகவே சீக்கிரம் வெளியே வரும். வர வேண்டும்.

இப்போது ஏன் இதெல்லாம்? 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. சரிந்த சாய்வுகளில் பாதை, ரயில் பாதை, லயம், வீடு எல்லாம் திரும்பக் கட்ட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நிலத்தைப் பார்த்துச் சான்று தரும். ஆனால் சரிந்த மலையில் எத்தனை அடிக்குக் கீழே கெட்டி நிலம் இருக்கிறது என்பது பெக்கோ வாளி இறங்கும்போதுதான் தெரியும். இந்த வேலைகளை மொத்தத் தொகைக்குக் கேட்டால் பயத்தின் விலையைக் கட்டுவோம், அல்லது பயப்படத் தெரியாதவருக்குக் கொடுத்துவிட்டு நடுவில் நிற்போம். ஆனால் எல்லா வேலைக்கும் இலக்கு முறை சரிவராது. பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் ஏழு பேர்ச் வீட்டுக்கும் அளந்து கொடுப்பதே போதும். கணக்குப் பார்க்கிற செலவு மிச்சத்தைத் தின்றுவிடும். நிலம் தெரியாத, அளவு பெரிய, ஒரே மாதிரி வேலை தொடர்ந்து வருகிற சாய்வுகளுக்குத்தான் இது. ஒரு பாதையின் பத்துத் தாங்குசுவரை ஒரே இலக்கில் கட்டிக் கொடுத்தால், ஒரு சுவரில் வந்த பாறையை இன்னொரு சுவரில் வந்த நல்ல மண் ஈடுகட்டும். முதல் சுவரில் கற்றது பத்தாவது சுவரில் உதவும்.

இதை ஒரு அரசாங்கப் பொறியியலாளரிடம் சொன்னேன், திணைக்களம் எது என்பது இங்கே தேவையில்லை. கணக்கும் பிடித்தது, முன்னெச்சரிக்கை விதியும் பிடித்தது. தாளில் தானே எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். "மிகையில பாதிய அவர்கிட்ட இருந்து கழிச்சா ஒடிட்ல யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க. மிச்சம் வந்து, 90 இலட்சத்துல முடிச்ச வேலைக்கு 95 இலட்சம் குடுத்தேன்னு எழுதினா, அந்த அஞ்சு இலட்சத்துக்கு என்னைய என்ன பதில் எழுதச் சொல்றீங்க?"